வீட்டு லேத்துக்கு டி.ஆர்.ஓ.: கண்ணாடியா, காந்தமா, இல்லை டயலே போதுமா?

கார் நிற்க வேண்டிய ஷெட்டில் நாலரை அடி லேத்தை (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் மெஷினை) நிறுத்திவிட்டு, காரை வெயிலில் விட்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பட்டறைக்காரர் கழித்துப்போட்ட பழைய மெஷினோ, ராஜ்கோட்டிலிருந்தோ பட்டாலாவிலிருந்தோ புதிதாக வந்திறங்கியதோ, லேத் வீட்டுக்கு வந்த ஆறு மாதத்தில் எல்லோருக்கும் ஒரே ஆசை வந்துவிடுகிறது. டி.ஆர்.ஓ. மாட்ட வேண்டும். கேரேஜும் (கார் ஷெட் இல்லை, டூலைத் தாங்கி லேத்தின் நீளவாக்கில் ஓடும் பகுதி) கிராஸ் ஸ்லைடும் (அதன் மேல் குறுக்கே நகரும் பகுதி) எவ்வளவு நகர்ந்தன என்று பெட்டியில் எண்ணாகக் காட்டும் டிஜிட்டல் ரீட்அவுட்டைத்தான் சொல்கிறேன்.

ஆசை நியாயமானதுதான். பழைய லேத்தில் கிராஸ் ஸ்லைடு நட் தேய்ந்திருக்கும். கைப்பிடியைத் திருப்பினால் கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் வரைக்கும் டூல் அசையாது. மரை வெட்டும்போது டூலை வெளியே இழுத்துத் திரும்ப உள்ளே விட்டால், எத்தனை சுற்று விட்டோம் என்பது மறந்துபோகும். எண்ணிக்கொண்டிருக்கும் நேரத்தில் யாராவது "சாப்பிட வரலையா?" என்று கேட்டால் போச்சு, அந்த ஜாப் (கடையும் பொருள்) குப்பைக்கு.

"இரண்டு அச்சு கிட் ஒன்றை வாங்கி மாட்டிவிடலாமா?" என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். முழு லேத்துக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்ல எனக்கு வராது. கிராஸ் ஸ்லைடுக்கு வேண்டியது ஒன்று, கேரேஜுக்கு வேண்டியது வேறு. இரண்டையும் தனித்தனியாக எடை போட்டால் பணமும் மிஞ்சும், தலைவலியும் குறையும்.

## எதை வைத்து எடை போடுவது?

ஒரு ஜாபைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம். பம்ப் மோட்டார் ஷாஃப்டில் 6204 பேரிங் உட்காரும் இடத்தைக் கடைய வேண்டும். பேரிங்கின் உள்விட்டம் 20 மி.மீ. ஷாஃப்டைக் கே6 (பேரிங் பொருத்தத்துக்கான ஓர் அளவு வகுப்பு) அளவுக்கு எடுத்தால் விட்டம் 20.002 முதல் 20.015 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கையில் இருக்கும் இடைவெளி வெறும் 13 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்ததில் 13 பங்கு. தலைமுடிக் கனத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

மில்லிங் மெஷினில் இல்லாத ஒரு சிக்கல் லேத்தில் இங்கேதான் வருகிறது. கிராஸ் ஸ்லைடு நகர்வது ஆரத்தில். ஜாபில் குறைவது விட்டத்தில், நகர்ந்ததைப்போல இரண்டு மடங்கு. ஸ்கேல் என்பது நகர்வை அளந்து பெட்டிக்கு அனுப்பும் பட்டை. 5 மைக்ரான் படியில் அளக்கும் ஸ்கேலைக் கிராஸ் ஸ்லைடில் மாட்டி, பெட்டியை விட்டக் கணக்கில் வைத்தால், எண் பத்துப் பத்து மைக்ரானாகத்தான் தாவும். 20.000, அடுத்து 20.010, அடுத்து 20.020. நம் 13 மைக்ரான் இடைவெளிக்குள் விழுவது ஒரே ஒரு படி. 1 மைக்ரான் ஸ்கேல் என்றால் இரண்டு இரண்டு மைக்ரானாக ஏறும், அதே இடைவெளிக்குள் ஏழு படி கிடைக்கும். கடைக்காரர் "அஞ்சு மைக்ரான் போதுங்க, எல்லாரும் அதைத்தான் வாங்குறாங்க" என்பார். அவர் மில்லிங்குக்கு விற்றுப் பழகியவராக இருக்கலாம்.

அடுத்தது இடம். பெட்டின், அதாவது கேரேஜ் ஓடும் நீளமான அடித்தளத்தின், பின்பக்கம் ஸ்கேல் மாட்டத் தாராளமாக இடம் இருக்கும். கிராஸ் ஸ்லைடு அப்படியில்லை. டெயில்ஸ்டாக் (ஜாபின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) பக்கம் மாட்டினால் கேரேஜ் லாக் போல்ட்டை மறைக்கும், டெயில்ஸ்டாக் கிட்டே வருவதையும் தடுக்கும். சிறிய லேத்தில் 20 மி.மீ. போனாலே, சென்டர் கொடுத்துக் கடையும்போது டெயில்ஸ்டாக் ஸ்பிண்டிலை வெளியே நீட்டி வைக்க வேண்டிவரும், விறைப்பு குறையும். சக் (ஜாபைப் பிடித்துச் சுழற்றும் பகுதி) பக்கம் மாட்டினால் சூடான உலோகச் சுருளும் கூலண்டும் நேராக அதன் மேலேயே விழும். ஸ்கேல் எவ்வளவு மெல்லியது என்பதுதான் இங்கே முக்கியம்.

மூன்றாவது, என்ன உலோகம் கடைகிறீர்கள் என்பது. பித்தளை, அலுமினியம் என்றால் கவலை குறைவு. வார்ப்பிரும்பு கடைந்தால் மைபோன்ற கரித்தூள் எங்கும் புகும்.

நான்காவது கரண்ட். சிங்கிள் ஃபேஸில் வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) போட்டு மூன்று ஃபேஸ் மோட்டாரை ஓட்டுகிறவர்கள் நம்மில் அதிகம். வி.எஃப்.டி. கிளப்பும் இரைச்சலில் எர்த் சரியில்லாத ஸ்கேல் தானாகவே எண்ணை ஓட்டும்.

விலையைக் கடைசியாகப் பாருங்கள். அதை முதலில் பார்த்தவர்கள்தான் இரண்டு தடவை வாங்குகிறார்கள்.

## டயலும் டயல் கேஜும்

கைப்பிடியில் இருக்கும் அளவுக்கோட்டு டயலையும், நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜையும் செலவே இல்லாத வழி என்று ஒதுக்காதீர்கள். ஓய்வுபெற்ற டர்னர் ஒருவர் என் லேத்தைப் பார்க்க வந்தார். கிராஸ் ஸ்லைடை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஜிப்பை இறுக்கு. மீட்டர் அப்புறம் வாங்கலாம்" என்றார். ஜிப் என்பது ஸ்லைடு ஆடாமல் அணைத்துப் பிடிக்கும் பட்டை. ஜிப் ஸ்க்ரூவைச் சரி செய்து, நட்டின் தளர்வையும் எடுத்த பிறகு, முக்கால்வாசிப் பிழை காணாமல் போயிருந்தது. டி.ஆர்.ஓ. காட்டுவது ஸ்லைடின் நகர்வை. டூல் முனை எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஸ்லைடு ஆடினால் பெட்டியில் எண் சுத்தமாக நிற்கும், ஜாப் மட்டும் கோணலாக வரும்.

கேரேஜுக்கு இந்த வழி இன்னும் பொருத்தம். பெட்டில் ஒரு கிளாம்ப், அதில் 50 மி.மீ. ஓடும் டயல் கேஜ். ஷோல்டர் (விட்டம் மாறும் படி) நீளம் பார்க்க வீட்டு வேலைக்கு இதுவே போதும். ஒரே நீளத்தில் பத்து புஷ் கடைய வேண்டுமா, கேரேஜை ஒரே இடத்தில் நிறுத்தும் பெட் ஸ்டாப் ஒன்று வைத்தால் டி.ஆர்.ஓ.வைவிட வேகம்.

இதன் மறைமுகச் செலவு நேரம்தான், காசு இல்லை. ஒவ்வொரு தடவையும் கேஜை வைக்க வேண்டும், எடுக்க வேண்டும். 50 மி.மீ. தாண்டினால் மாற்றி வைக்க வேண்டும். மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் லேத்தைத் தொடுபவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

## மலிவு ஸ்கேல்: காலிப்பரின் அண்ணன்

டிஜிட்டல் காலிப்பரில் இருக்கும் அதே கெப்பாசிட்டிவ் (மின்தேக்க மாற்றத்தை வைத்து அளக்கும்) நுட்பம், நீளமான எஃகுப் பட்டையில். வேண்டிய நீளத்துக்கு அறுத்துக்கொள்ளலாம். மெல்லியது. விலை சில ஆயிரங்களில் முடிந்துவிடும். கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தால், ஒரு சிறிய போர்டு வழியாகப் புளூடூத்தில் பழைய ஆண்ட்ராய்டு டேப்லெட்டுக்கு எண்ணைக் கொண்டுபோகலாம். இதற்கென்றே இருக்கும் டச்டி.ஆர்.ஓ. ஆப் விட்டக் கணக்கையும் பார்த்துக்கொள்ளும்.

குறை என்னவென்றால், இதன் பிரிப்பு, அதாவது காட்டும் மிகச் சிறிய படி, 0.01 மி.மீ. கிராஸ் ஸ்லைடில் வைத்தால் விட்டத்தில் 0.02. நம் 6204 கதை அங்கேயே முடிந்தது. இதைவிடப் பெரிய குறை ஈரம். தண்ணீர் கலந்த கூலண்ட் ஒரு சொட்டு உள்ளே போனால் எண் கிறுக்குப்பிடித்து ஓடும். துடைத்துக் காயவைத்தால் திரும்ப வரும், ஆனால் நம்பிக்கை திரும்ப வராது. பட்டன் செல்லில் ஓடுவதாக இருந்தால், செல் தீரும் தறுவாயில் எண் மங்கி மினுக்கும். அது எப்போதும் ஜாபின் கடைசிக் கட்டில்தான் நடக்கும்.

டெயில்ஸ்டாக் ஸ்பிண்டிலில் துளை ஆழம் பார்க்க இதைவிட நல்ல பொருள் கிடையாது. 150 மி.மீ. காலிப்பர் ஒன்றை இரண்டு சின்ன பிராக்கெட்டில் கட்டினால் வேலை முடிந்தது. பணம் இல்லையென்றால் முதலில் அங்கே மாட்டுங்கள். ட்ரில் எவ்வளவு ஆழம் போயிற்று என்று கைப்பிடிச் சுற்றை எண்ணும் வேலை ஒழிந்தது என்றாலே பாதி நிம்மதி.

## கண்ணாடி ஸ்கேல்

சந்தையில் இரண்டு அச்சு கிட் என்று கேட்டால் பெரும்பாலும் இதுதான் வரும். பெட்டி, இரண்டு ஸ்கேல், கேபிள், சில பிராக்கெட் எல்லாம் சேர்ந்து ஐந்து இலக்கத்தில் விலை. அலுமினிய உறைக்குள் நுண்கோடுகள் போட்ட கண்ணாடிப் பட்டை, அதன் மேல் ஒளியால் படிக்கும் ஒரு தலை. உறையின் ஒரு பக்கம் ரப்பர் உதடு. அந்த உதடு கீழ்நோக்கியோ, சுருள் விழாத பக்கமோ இருக்கும்படி மாட்ட வேண்டும். மேல்நோக்கி மாட்டினால் எண்ணெயும் தூளும் தானாக உள்ளே இறங்கும்.

துல்லியத்தில் வீட்டு லேத்துக்கு இதற்கு மேல் தேவையில்லை. எண் சீராக ஏறும், சீராக இறங்கும். கஷ்டம் மாட்டுவதில்தான். கண்ணாடியை அறுக்க முடியாது. அளக்கும் நீளத்தைவிட உறை சுமார் 130, 140 மி.மீ. கூடுதலாக இருக்கும். கிராஸ் ஸ்லைடு ஓட்டம் 150 மி.மீ. என்றால் ஸ்கேல் முழு நீளம் 290 வரும். அது சாடிலை (கேரேஜின் மேல் வார்ப்பை) தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சுவரை ஒட்டி லேத்தை வைத்திருக்கிறீர்களா? முதலில் ஒரு அட்டையை அந்த அளவுக்கு வெட்டி ஒட்டிப் பாருங்கள். அட்டைக்கு ஐந்து ரூபாய். ஸ்கேலைத் திருப்பி அனுப்பும் கூரியர் அதைவிட அதிகம்.

ஸ்கேலை அச்சுக்கு இணையாக வைப்பது பற்றி நிறைய பயமுறுத்துவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் பாதி குறையும். 300 மி.மீ. நீளத்தில் ஒரு பக்கம் 1 மி.மீ. சாய்ந்திருந்தால் அளவில் வரும் பிழை 2 மைக்ரானுக்கும் குறைவு. 5 மி.மீ. சாய்ந்தால்தான் 40 மைக்ரான் ஆகிறது, ஏனென்றால் இந்தப் பிழை சாய்வின் வர்க்கமாக ஏறும். பிறகு ஏன் 0.1 மி.மீ.க்குள் வைக்கச் சொல்கிறார்கள்? படிக்கும் தலை உறைக்குள் உரசாமல் ஓட வேண்டும் என்பதற்காக. சாய்வாக மாட்டினால் அளவு கெடுமுன் தலை தேய்ந்துபோகும். வரும்போது தலையைப் பிடித்திருக்கும் வண்ண பிளாஸ்டிக் துண்டை எல்லாம் இறுக்கி முடிக்கும்வரை கழற்றாதீர்கள்.

கேரேஜுக்கு, அதாவது பெட்டின் பின்பக்கத்துக்கு, கண்ணாடி நல்ல தேர்வு. அங்கே இடம் உண்டு, 5 மைக்ரானே தாராளம். மேலே ஒரு தகரக் கவசம் மட்டும் அடித்துவிடுங்கள்.

## காந்த ஸ்கேல்

இரண்டு மில்லிமீட்டருக்கோ ஐந்து மில்லிமீட்டருக்கோ ஒருமுறை துருவம் மாறும் காந்தப் பட்டை. அதைத் தொடாமல், மெல்லிய இடைவெளி விட்டுப் படிக்கும் தலை. எண்ணெயோ கூலண்டோ அதற்கு ஒரு பொருட்டல்ல. நீளத்துக்கு வெட்டிக்கொள்ளலாம், கனமும் குறைவு. கிராஸ் ஸ்லைடின் பக்கவாட்டில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இடம் இருந்தாலே பல சமயம் பட்டையும் தலையும் அடங்கிவிடும்.

இரும்புத் தூள் ஒட்டுமே என்பீர்கள். ஒட்டும். பட்டை மேல் ஸ்டெயின்லெஸ் மூடி இருக்கும், துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். தலைக்கும் பட்டைக்கும் நடுவே கெட்டியாகச் சேர்ந்தால்தான் தொல்லை. நான் கண்ட உண்மையான ஆபத்து வேறு. டயல் கேஜின் காந்த பேஸை அவசரத்தில் கிராஸ் ஸ்லைடின் பக்கவாட்டில் பட்டை மேலேயே வைத்து, ஸ்விட்சைத் திருப்பிவிட்டேன். பட்டையின் அந்த இடத்தில் எழுதியிருந்த துருவங்கள் குழம்பிவிட்டன. இரண்டு நாள் கழித்து ஒரு புஷ் கடைந்தபோது, அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் எண் ஒரு தாவு தாவியது. புதுப் பட்டை வாங்கித்தான் ஒட்டினேன். இப்போது காந்த பேஸ் வைக்கும் இடத்தில் சிவப்பு பெயிண்டால் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன், அதற்குள் மட்டும்தான் வைப்பது.

துல்லியத்தில் கண்ணாடிக்கு ஒரு படி கீழேதான். ஒவ்வொரு துருவத்துக்குள்ளும் சில மைக்ரான் அலைவு இருக்கும். கடைசி அளவை எப்படியும் மைக்ரோமீட்டரில்தான் பார்க்கப் போகிறோம் என்பதால் என்னைப் பொறுத்தவரை அது பெரிய குறை இல்லை. விலை கண்ணாடியைவிடக் கூடுதல்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | டயல் + டயல் கேஜ் | கெப்பாசிட்டிவ் | கண்ணாடி | காந்தம் |
|---|---|---|---|---|
| விட்டத்தில் சிறு படி | டயலைப் பொறுத்தது | 0.02 மி.மீ. | 0.01 அல்லது 0.002 | 0.01 அல்லது 0.002 |
| பிடிக்கும் இடம் | மாட்டும்போது மட்டும் | குறைவு | அதிகம் | மிகக் குறைவு |
| நீளத்துக்கு வெட்டலாமா | தேவையில்லை | ஆம் | முடியாது | ஆம் |
| கூலண்ட் | பரவாயில்லை | ஆகாது | கவசம் வேண்டும் | கவலையில்லை |
| பயப்பட வேண்டியது | எண்ணிக்கை தவறுவது | ஈரம், செல் | அடி, உதட்டுக்குள் தூள் | காந்த பேஸ் |
| எங்கே சிறப்பு | கேரேஜ், ஒரே நீள ஜாப் | டெயில்ஸ்டாக் | பெட்டின் பின்பக்கம் | கிராஸ் ஸ்லைடு |

## பில்லில் வராத செலவு

கிட்டோடு வரும் பிராக்கெட் எதுவும் உங்கள் லேத்துக்குப் பொருந்தாது. இதை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியத் தகடு, எல் ஆங்கிள், அறுக்கவும் துளை போடவும் இரண்டு சனி ஞாயிறு. கிர்லோஸ்கர் டர்ன்மாஸ்டரோ, ஹெச்.எம்.டி.யோ, பெயர் தெரியாத பட்டாலா மெஷினோ, வார்ப்பின் பக்கவாட்டு முகம் மெஷின் செய்யாமல் மேடும் பள்ளமுமாக இருக்கும். அதில் ஸ்கேலை நேராக நிறுத்த, பின்னால் ஒரு தட்டையான பட்டையை முதலில் கட்டி, நாலு மூலையிலும் ஸ்க்ரூ வைத்து அதை நேராக்க வேண்டும்.

பிறகு டேப், துளைக்குள் மரை வெட்டும் கருவி. எம்4 மரைக்கு 3.3 மி.மீ. துளை. வார்ப்பிரும்பில் டேப் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும், அந்தத் தைரியத்தில்தான் முறியும். சாடிலில் நான் போட்ட ஆறு துளையில் ஐந்தாவது மறுபக்கம் திறக்காதது. அடியில் தூள் சேர்ந்ததைக் கவனிக்காமல் இன்னும் கால் சுற்று திருகினேன். டக். முறிந்த துண்டை எடுக்க அரை நாள் போயிற்று. இடமிருந்தால் எம்5 போடுங்கள். கால் சுற்றுக்கு ஒரு தரம் பின்னால் திருப்பி, தூளை ஊதிவிட்டுத் தொடருங்கள்.

இன்னொரு செலவு யாரும் சொல்லாதது. பெட்டியில் டூல் லைப்ரரி இருக்கும். ஒவ்வொரு டூலுக்கும் அளவைச் சேமித்து வைத்தால், டூலை மாற்றியதும் எண் தானாகச் சரியாகும் என்பார்கள். நாலு மூலை டூல் போஸ்ட்டில் (டூலைப் பிடிக்கும் கட்டையில்) அடியில் தகடு வைத்து டூலைக் கட்டுகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. கழற்றி மாட்டினால் டூல் அதே இடத்தில் உட்காராது. அந்த வசதி வேண்டுமென்றால் குவிக் சேஞ்ச் டூல் போஸ்ட்டும் வாங்க வேண்டும், அதன் ஹோல்டர்களையும் வாங்க வேண்டும். கணக்குப் பார்த்தால் சில சமயம் அந்தப் பணத்தை முதலில் டூல் போஸ்ட்டில் போடுவதே புத்திசாலித்தனம்.

கிராஸ் ஸ்லைடின் மேல் உட்கார்ந்து, கோணத்தில் திருப்பக்கூடிய சின்ன ஸ்லைடான காம்பவுண்ட் ஸ்லைடையும் மறக்காதீர்கள். இரண்டு அச்சு கிட்டுக்கு அது நகர்வது தெரியாது. டி.ஆர்.ஓ. மாட்டிய பிறகு காம்பவுண்டைத் தொட்டால், பெட்டி சொல்வதும் டூல் நிற்பதும் வேறு வேறாகும். அதன் ஜிப்பை இறுக்கிவிட்டு, டேப்பரும் (சரிவாகக் கடைவது) மரையும் வந்தால் மட்டும் அவிழ்ப்பது என் வழக்கம்.

கரண்ட் போனால் கண்ணாடி ஸ்கேலிலும் சாதாரண காந்த ஸ்கேலிலும், பெட்டி கடைசி எண்ணை நினைவில் வைத்திருந்தாலும் இடையில் கைப்பிடி நகர்ந்தால் அது தெரியாது. பெட்டியை இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள், சில வாட்தான் குடிக்கும். ஸ்கேல் கேபிளை வி.எஃப்.டி. மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டாதீர்கள். லேத்தின் உடம்பு, பெட்டி, வி.எஃப்.டி. மூன்றுக்கும் ஒழுங்கான எர்த் வேண்டும்.

## யாருக்கு எது?

பேரிங் சீட், புஷ், மோட்டார் ஷாஃப்ட் என்று விட்டம் பார்த்துக் கடைகிறவர் என்றால், என் பணம் கிராஸ் ஸ்லைடில் 1 மைக்ரான் காந்த ஸ்கேலுக்குப் போகும். பெட்டின் பின்பக்கம் 5 மைக்ரான் கண்ணாடி, அதுவும் பிறகு, கையில் காசு வந்தபோது. இரண்டும் 5 வோல்ட் டி.டி.எல். (ஒரு வகை டிஜிட்டல்) சிக்னல் தருவதாக இருந்தால் ஒரே பெட்டியில் சேர்த்து ஓட்டலாம், ஒவ்வொரு அச்சுக்கும் பிரிப்பைத் தனியாகக் குறிக்க மெனுவில் இடம் இருக்கும். கேபிள் முனையில் ஒன்பது பின் ஒரேமாதிரி இருக்கிறதே என்று நம்பாதீர்கள். எந்தப் பின்னில் எது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வாங்கும் முன் வரைபடம் கேளுங்கள், தராவிட்டால் வேறு கடை.

பித்தளையில் சிறு இன்ஜின் மாடல், பேனா உடம்பு, கைப்பிடிக் குமிழ் என்று கடைகிறவருக்குக் கெப்பாசிட்டிவ் ஸ்கேலும் டேப்லெட்டும் போதும். எண்ணெய் மட்டும் தொட்டுக் கடைபவர் என்றால் ஈரத் தொல்லையும் இல்லை. தினமும் நாலு மணி நேரம் ஓட்டுகிற, பக்கத்துப் பட்டறைக்கு ஜாப் செய்து கொடுக்கிறவர் யோசிக்காமல் இரண்டு அச்சும் மாட்டலாம். நட் தேய்ந்து, ஜிப் ஆடி, பெட்டில் சக்குக்கு அருகே பள்ளம் விழுந்த லேத் என்றால் இப்போதைக்கு எதுவும் மாட்டாதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு புது வெண்கல நட் போடுங்கள்.

மாட்டி முடித்த அன்று ஒரு சோதனை செய்யுங்கள். 25 மி.மீ. ராடில் ஒரு கட் எடுத்து, ஆறவிட்டு, மைக்ரோமீட்டரில் பார்த்து, வந்த விட்டத்தைப் பெட்டியில் ஏற்றுங்கள். அப்புறம் சரியாக 20.000 என்று எண் வரும்வரை இரண்டு மூன்று கட்டில் கடைந்து, திரும்ப ஆறவிட்டு அளந்து பாருங்கள். ஆறவிடுவதில் அவசரம் வேண்டாம். 20 மி.மீ. எஃகு 30 டிகிரி சூடேறினால் விட்டம் 7 மைக்ரான் பெருத்திருக்கும், நம் பேரிங் சீட்டின் இடைவெளியில் அது பாதிக்கு மேல். மைக்ரோமீட்டர் 20.04 காட்டி, பெட்டி 20.000 என்று அடம்பிடித்தால், முதலில் டூல் முனையையும் கடைசிக் கட்டின் ஆழத்தையும் பாருங்கள். மெல்லிய கட்டில் மழுங்கிய டூல் வெட்டாமல் தள்ளிக்கொண்டு போகும். ஸ்கேல் பிராக்கெட்டின் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா என்று இரண்டாவதாகப் பாருங்கள்.